மாடியறை இல்லாத வீடுகள்

தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்குக் குடும்ப ரகசிய நாவல் ஒத்துவராது என்ற கருத்து மலேசியத் தமிழ் வாசகர்களிடையே ஏறக்குறைய முடிந்த முடிவாகிவிட்டது. நூல் வெளியீட்டு மேடைகளில் இதைக் கேட்கிறேன். பாரிட் புந்தாரில் நாங்கள் சிலர் கூடிப் புத்தகம் பேசும் இடத்திலும் கேட்கிறேன். ஆஸ்திரேலிய நாவல்களைப் பற்றிய பேச்சென்றால் குரல் இன்னும் உயரும். லியான் மோரியார்ட்டி, கேட் மோர்ட்டன் போன்றவர்களின் நாவல்கள் கடைகளில் அடுக்கடுக்காகக் கிடைப்பதால் அவற்றைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். வசதியான குடும்பம், பெரிய வீடு, பரண்மேல் ஒரு மாடியறை, அதில் ஒரு பழைய கடிதம், கடைசியில் எல்லாரும் அழுகிறார்கள். நமக்கு எதற்கு இது? தோட்டத்தில் நாம் வாழ்ந்த லயத்து வரிசை வீட்டில் மாடியறையும் இல்லை, எழுதி ஒளித்து வைக்கும் அளவுக்குப் பாட்டன் பாட்டிக்குப் படிப்பும் இல்லை. பக்கத்து வீட்டில் இருமினால் நம் வீட்டில் கேட்கும், அங்கே என்ன ரகசியம்? நம் நாவல் வரலாற்றை எழுத வேண்டும்: கப்பல், கங்காணி, ஜப்பான்காரன், சயாம், தோட்டத் துண்டாடல். காதலும் குடும்பமும் வார இதழ்த் தொடர்கதைக்கு உரியவை.

படித்தவர்கள், உழைத்தவர்கள், தமிழ் மேல் பற்றுள்ளவர்கள் சொல்கிறார்கள் என்பதாலேயே இந்தக் கருத்து ஆபத்தானது. இதன் ஒவ்வோர் அடியையும் நான் மறுக்கிறேன். நம் வரலாற்றின் பெரும்பகுதி எந்த அலுவலகக் கோப்பிலும் இல்லை. குடும்பங்கள் வாய்விட்டுச் சொல்லாமல் விட்டவற்றில்தான் அது இருக்கிறது. குடும்ப ரகசியத்தை ஒதுக்கிவிட்டுத் தோட்ட வரலாறு எழுதப் புறப்படுகிறவர் கடைசியில் துரைமாரின் வரலாற்றைத்தான் எழுதுவார், ஏனென்றால் எழுத்தில் பதிந்து கிடப்பது அது மட்டுமே.

சயாமிலிருந்தே தொடங்குகிறேன். எதிர்த்தரப்பு மிக உயர்வாக வைக்கும் வரலாறு அதுதான். 1942 அக்டோபர் முதல் 1943 அக்டோபர் வரை, ஒரே ஆண்டில், சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட வைத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டு போனார்கள். போனவர்களில் பெரும் பங்கினர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். அதே பாதையில் ஏறத்தாழ 13,000 ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளும் வேலை செய்தார்கள். அவர்களில் 2,800க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கைதிகளில் ஒருவராக இருந்து உயிரோடு திரும்பியவரின் மகன் ரிச்சர்ட் ஃபிளனகன். அவருடைய ‘தி நேரோ ரோட் டு தி டீப் நார்த்’ 2013ல் வந்தது, 2014ல் புக்கர் பரிசு பெற்றது. அப்பாவின் கைதி எண்ணான 335ஐ ஜப்பானிய உச்சரிப்பிலேயே எழுதி அவருக்கு நூலைக் காணிக்கையாக்கியிருக்கிறார்.

அந்த நாவலின் உடல் எது என்று நம் நண்பர்கள் பார்க்க வேண்டும். மருத்துவர் டாரிகோ எவன்ஸ் தன் மாமாவின் இளம் மனைவி ஏமியோடு கொண்ட காதல் நாவலின் ஒரு பாதி. முகாமில் அடித்து நொறுக்கப்பட்டுச் சாகும் டார்க்கி கார்டினர் என்ற கைதி மறுபாதியின் மையம். டார்க்கி டாரிகோவின் சொந்த அண்ணனுக்குப் பிறந்து, வேறு குடும்பத்துக்கு வளர்க்கக் கொடுக்கப்பட்ட பிள்ளை என்பது டாரிகோவுக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிகிறது. தன் முகாமில் செத்தவன் தன் ரத்தம். இதைவிடப் பச்சையான குடும்ப ரகசியக் கதை கிடையாது. நம்மூர் மேடையில் இந்தக் கைப்பிரதியை வைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? ‘மரண ரயிலை எழுத வந்தவர் கள்ளக் காதலையும் தொலைந்த பிள்ளையையும் எதற்கு இழுத்து வருகிறார், வரலாற்றின் கனத்தைக் கெடுத்துவிட்டார்’ என்றிருப்பார்கள். அந்தத் தொலைந்த பிள்ளை இல்லாவிட்டால் டார்க்கியின் சாவு ஆயிரம் சாவுகளில் ஒன்றாகப் படிப்பவர் மனத்தில் கடந்து போயிருக்கும். ஒருவன் யாருடைய மகன், யாருடைய அண்ணன் மகன் என்று தெரிந்த பிறகுதான் அவன் எண்ணிக்கையிலிருந்து வெளியே வருகிறான்.

நம் பக்கம் திரும்பினால் இந்தத் தேவை இன்னும் பெரிது. சயாமின் காஞ்சனபுரியில் இருக்கும் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 நேசநாட்டுக் கைதிகள் கிடக்கிறார்கள். பெயர், படைப்பிரிவு, வயது பொறித்த தகடுகளோடு. ஆஸ்திரேலிய அரசு 1998ல் அந்த ரயில் பாதையின் ஹெல்ஃபயர் கணவாயில் ஒரு நினைவகமும் கட்டியது. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை கிடையாது. கூட்டிப்போனபோது முறையான பட்டியல் எழுதவில்லை, செத்தபோது குழியில் தள்ளினார்கள். ஆகவே அந்த மனிதர்களைப் பற்றிய பதிவு ஒரே இடத்தில்தான் இருந்தது, அவரவர் வீட்டில். அந்த வீட்டில் என்ன நடந்தது? புருஷன் போய் ஒரு வருஷம், இரண்டு வருஷம் செய்தி இல்லை. அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கு மட்டும். இரண்டு பிள்ளைகளை வைத்திருந்த பெண் இன்னொருவரோடு சேர்ந்து வாழத் தொடங்கினாள். 1945க்குப் பிறகு சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அப்படித் திரும்பியவர் எந்த வீட்டு வாசலில் போய் நின்றார், உள்ளே யார் இருந்தார், அன்று இரவு யார் எங்கே படுத்தார், இடையில் பிறந்த பிள்ளைக்கு யார் பெயரைப் போட்டார்கள்? சயாமைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டிய பெரிய கேள்விகள் இவை. தண்டவாளத்தின் நீளம் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கிடைக்கும்.

இந்த ரயில் பாதையைப் பற்றித் தமிழில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார், அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்னம்’ எழுதினார். இருவருக்கும் நாம் பட்ட கடன் பெரிது; எழுத யாரும் முன்வராதபோது எழுதியவர்கள். என் சண்டை அவர்களோடு இல்லை. அவர்களைப் பாராட்டும்போது தகவலையும் உழைப்பையும் மட்டுமே பாராட்டி, அடுத்து எழுத வருகிறவருக்கும் அதையே அளவுகோலாக நீட்டுகிறவர்களோடுதான்.

பக்கத்து வீட்டு இருமலைக் கேட்க வைக்கும் அந்தச் சுவருக்கு இப்போது வருகிறேன். லயத்துச் சுவர் கூரையைத் தொடாது என்பது மெய். பல தோட்டங்களில் மேலே இடைவெளி விட்டுத்தான் கட்டினார்கள். ஒரு வீட்டில் சண்டை நடந்தால் வரிசைக்கே தெரியும். இதிலிருந்து ‘அங்கே ரகசியம் இல்லை’ என்ற முடிவுக்கு வருகிறவர்கள் லயத்தில் ஆண்பிள்ளையாக மட்டும் வாழ்ந்திருக்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதுதான் லயத்து ரகசியம். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிற்கும்போது எந்தப் பெண்ணுக்குப் பால் வெட்ட நல்ல நிரை கிடைத்தது, ஏன் கிடைத்தது, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எந்த நேரத்தில் எந்த வீட்டுப் பக்கம் போனார் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். அவள் பிள்ளை, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில், யார் சாயலில் கிடக்கிறது என்பதும் தெரியும். அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரியாது. அது வளர்ந்து, கல்யாணம் முடித்து, தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் தெரியாது. தனி ஒருவர் பெட்டியில் பூட்டி வைக்கும் ரகசியத்தைக் காட்டிலும் நாற்பது வீடு சேர்ந்து காக்கும் ரகசியம் கடினமானது. அதை உடைக்கச் சாவி கிடையாது. ஆஸ்திரேலிய நாவலின் மாடியறைக் கடிதம் இதன் முன் எளிய விஷயம். இந்தக் கூட்டு மௌனத்தை எழுத ஒரு புது உருவம் வேண்டும், ஒருவேளை லயமே கதை சொல்லும் உருவம். அதைக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு ‘நமக்கு இது ஒத்துவராது’ என்று திரும்பிப் போவது சோம்பல்.

பாரிட் புந்தாரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பார்த்தாலே போதும். கிரியான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பேராக், அந்தப் பக்கம் கெடாவின் பண்டார் பாரு, சற்றுத் தள்ளிப் பினாங்கின் நிபோங் திபால். 19ஆம் நூற்றாண்டில் இங்கெல்லாம் கரும்புத் தோட்டங்கள். ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களை இறக்கினார்கள். 1906ல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் முடிந்து வயல்கள் பெருகின. 1910ல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது, கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இந்த மூன்று பயிர்களின் வரலாறு நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. கரும்புக்கு வந்தவர்கள் ஊரில் யாரை விட்டுவிட்டு வந்தார்கள்? அங்கே காத்திருந்த முதல் மனைவி என்ன ஆனார்? கப்பலில் ஒரே குடும்பம் என்று பெயர் கொடுத்து ஏறியவர்கள் எத்தனை பேர் உண்மையில் ஒரே குடும்பம்? பினாங்குத் துறைமுகத்தில் இறங்கியபோது சாதியை மாற்றிச் சொன்னவர்கள், பெயரை மாற்றிச் சொன்னவர்கள், சாதி மாறிக் காதலித்ததால் கப்பலேறியவர்கள் உண்டு. அவர்கள் வழியில் வந்தவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். இவற்றில் எதுவும் தோட்டக் கணக்கில் ஏறவில்லை.

கேட் மோர்ட்டனின் ‘தி ஃபர்காட்டன் கார்டன்’ நாவலில் 1913ல் ஆஸ்திரேலியத் துறைமுகம் ஒன்றில் ஒரு சிறுமி தனியாக வந்து இறங்குகிறாள். துறைமுக அதிகாரி வீட்டுக்குக் கூட்டிப்போய் மகளாக வளர்க்கிறார். 21ஆம் பிறந்தநாளில் அவளிடம் உண்மையைச் சொல்கிறார். அன்றோடு அவள் வாழ்க்கை இரண்டாகிறது. நம் நண்பர்கள் இதைச் சினிமாக் கதை என்று தள்ளினார்கள். எனக்கோ படிக்கும்போதெல்லாம் வட பேராக்கிலும் பினாங்கிலும் தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்த சீனப் பெண்களின் ஞாபகம்தான் வந்தது. ஜப்பான் காலத்திலும் அதற்குப் பின்னும், பஞ்சத்தில் அடிபட்ட சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழர்களுக்குக் கொடுத்தன. அந்தப் பிள்ளைகள் தமிழ் பேசி, சேலை கட்டி, மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்து, தமிழர்களுக்கே வாழ்க்கைப்பட்டார்கள். முகம் ஊருக்கே சொல்லும் உண்மையை வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படி வளர்ந்த ஒருத்தியிடம் எந்த வயதில், யார் சொன்னார்? பெற்றவள் எப்போதாவது கடைத்தெருவில் எதிரே வந்தாளா, அடையாளம் கண்டாளா? இந்தப் பெண்களைப் பற்றி ஒரு பெரிய தமிழ் நாவல் என் வாசிப்பில் இன்னும் எதிர்ப்படவில்லை. ‘குடும்பக் கதை’ என்ற வசைக்கு அஞ்சியே பலர் தொடாமல் விட்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இன்னும் அருகில், நம்மில் பலர் கண்ணால் பார்த்த காலத்துக்கு வருகிறேன். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் அமலானது. இங்கேயே பிறந்தவர்களும் பத்து வயதிலிருந்து பால் வெட்டியவர்களும் ஒரே நாளில் அந்நியரானார்கள். பல்லாயிரம் தமிழர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இதை நம் நூல்கள் அரசியலாக எழுதுகின்றன, அரசியல்தான். ஒரு வீட்டில் கணவருக்குக் குடியுரிமை இல்லாத சிவப்பு ஐ.சி. (அடையாள அட்டை), மனைவிக்குக் குடியுரிமை உள்ள நீல ஐ.சி. என்றால் அந்த அரசியல் அவர்கள் படுக்கைக்குள் எப்படி நுழைந்தது? அவர் போனார், அவள் பிள்ளைகளோடு நின்றாள். சில காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் ஏற்பட்டதா? ஏற்பட்டது தெரிந்தும் பிள்ளைகளிடம் ‘அப்பா செத்துட்டாரு’ என்று சொன்ன தாய்மார் இருக்கிறார்கள். அந்தப் பொய்யை எழுதாமல் பெர்மிட் காலத்தை எழுத முடியாது.

பொதுப் பிரச்சினை, வீட்டுப் பிரச்சினை என்று பிரித்துப் பேசுகிறவர்களுக்குச் சட்டத்திலிருந்தே ஒன்றைச் சொல்ல வேண்டும். 1982 மார்ச் 1ஆம் தேதி வரை இந்த நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்கள் வழக்கப்படி ஒன்றுக்கு மேற்பட்ட திருமணம் செய்துகொள்ளத் தடையில்லை. அன்று நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம் ஒருவனுக்கு ஒருத்தி என்றது, பதிவும் கட்டாயம் என்றது. கோயிலில் தாலி கட்டியதே போதும் என்றிருந்த நம்மவரில் எத்தனையோ பேர் பதியவில்லை. பதியாத உறவில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தாயின் வழியாகத்தான். தாயிடம் பத்திரம் இல்லையென்றால் பிள்ளையிடமும் இல்லை, பேரப்பிள்ளையிடமும் இல்லை. இன்று பதிவு இலாகா வாசலில் பிறப்புப் பத்திரம் கேட்டு நிற்கும் நம் இளைஞர்களின் கதையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், பலருக்கு அது ஒரு காதலில், ஓர் இரண்டாம் தாரத்தில், ஓடிப்போன ஒரு தகப்பனில் போய் முடியும். நாடற்றவர் பிரச்சினை என்று நாம் மாநாடு நடத்தும் விஷயம், அதன் வேரில், யாரோ ஒரு பாட்டி சொல்லாமல் போன குடும்ப ரகசியம்.

வசதியானவர்களின் துயரம் என்ற குற்றச்சாட்டை இனி எடுத்துக்கொள்கிறேன். இதற்குப் பதில் தேட ஆஸ்திரேலியா போக வேண்டியதில்லை, ஈப்போ போதும். ஈப்போவில் வளர்ந்த பிரீதா சமரசன் 2008ல் வெளியிட்ட ‘ஈவினிங் இஸ் தி ஹோல் டே’ ஒரு வழக்கறிஞர் குடும்பத்தின் கதை. கிங்ஃபிஷர் லேனில் பெரிய வீடு. அப்பாவுக்கு வெளியே இன்னொரு வாழ்க்கை, பாட்டியின் மரணம், யாரும் வாய் திறக்காத விஷயங்கள். நம்மில் பலர் இதை ஆங்கிலம் படித்த மேட்டுக்குடியின் நாவல் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். அந்த நாவலின் தொடக்கத்திலேயே வீட்டை விட்டுத் துரத்தப்படுகிறவள் யார்? செல்லம் என்ற ஏழை வேலைக்காரப் பெண். பெரிய வீட்டின் ரகசியத்துக்கான பழி அவள் தலையில் விழுகிறது. ஆறு வயதுக் குழந்தையின் பொய் அவளை அழிக்கிறது. ரகசியம் பணக்காரர்களுடையது, அதற்கு விலை கொடுப்பவள் கூலிக்காரனின் மகள். தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கும் பினாங்குக்கும் வீட்டு வேலைக்குப் போன நம் பெண்களில் எத்தனை செல்லங்கள் இருந்தார்கள் என்று யோசிக்கிறவர் இதை மேட்டுக்குடிக் கதை என்று சொல்ல மாட்டார். வர்க்கத்தைப் பற்றி நம் மேடைகளில் கேட்ட பல சொற்பொழிவுகளைவிட இந்த நாவல் எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவிலும் குடும்ப ரகசியம் சொகுசு வீட்டுச் சமாச்சாரம் மட்டும் இல்லை. பூர்வகுடிப் பிள்ளைகளை அரசே தாயிடமிருந்து பிடுங்கி எடுத்த நாடு அது. அதை ஆராய்ந்த அறிக்கை 1997ல் வந்தது, பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரியில். கல்யாணமாகாத தாய்மாரிடமிருந்து குழந்தைகளை வற்புறுத்தித் தத்துக்கு எடுத்ததற்காக ஜூலியா கில்லார்டு மன்னிப்புக் கேட்டது 2013 மார்ச்சில். இப்படிப்பட்ட நாட்டில் ‘என் அம்மா யார்’ என்று கேட்கும் கதாபாத்திரம் அரசாங்கத்தைப் பார்த்துத்தான் கேட்கிறது. மெலிசா லுகாஷென்கோவின் ‘டூ மச் லிப்’ ஒரு பூர்வகுடிக் குடும்பத்துக்குள்ளேயே புதைந்து கிடந்த கொடுமையைத் தோண்டுகிறது. நிலத்தைப் பறித்தவர்களையும் வீட்டுக்குள் கையை நீட்டியவர்களையும் ஒரே கதைக்குள் நிறுத்திக் கேட்கிறது. அதற்கு 2019ல் மைல்ஸ் ஃபிராங்க்ளின் பரிசு கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் வீட்டு அழுக்கை எழுதினால் எதிரிக்கு ஆயுதமாகும் என்ற பேச்சு அங்கேயும் உண்டு. லுகாஷென்கோ அதை மீறி எழுதினார்.

அதே பரிசு 2023ல் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குக் கிடைத்தது. சங்கரி சந்திரன், ஈழத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், கான்பெராவில் வளர்ந்தவர். அவருடைய முந்தைய நாவலை ஆஸ்திரேலியப் பதிப்பாளர்கள் ஏற்காமல் போனதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆஸ்திரேலியத் தன்மை போதவில்லை என்பது அவர்கள் குறை. பரிசு பெற்ற ‘சாய் டைம் அட் சின்னமன் கார்டன்ஸ்’ சிட்னியில் ஒரு முதியோர் இல்லத்தில் நடக்கிறது. அதை உருவாக்கிய மாயா, மகள் அஞ்சலி, அங்கே வேலை செய்யும் ரூபன் ஆகியோரின் காதலும் நட்பும் சண்டையும்தான் மேற்பரப்பு. அடியில் ரூபன் உடம்பில் சுமந்து வந்த போர் இருக்கிறது, மாயாவின் கணவர் பற்றிய பேசப்படாத உண்மை இருக்கிறது. தோட்டத்தில் நின்ற கேப்டன் குக் சிலையை அகற்றியதிலிருந்து எழும் இனவெறிப் புயலும் இதே குடும்பத்தின் மேல்தான் வந்து விழுகிறது. தேநீர்க் கோப்பைப் படம் போட்ட அட்டையைப் பார்த்து இதை மென்மையான பெண்கள் நாவல் என்று நினைத்தவர்கள் உள்ளே ஈழப் போரைக் கண்டு திகைத்ததாக என்னிடம் சொன்னார்கள். அவர்கள் திகைத்த இடம்தான் என் வாதம். போரைப் பற்றிய நூல் என்று தலைப்பிட்டிருந்தால் எடுத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வகையில் மோசமான நாவல்கள் நிறைய. ரகசியத்தைப் பூட்டாகவும் கடைசி அத்தியாயத்தைத் திறவுகோலாகவும் வைத்து, திறந்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டதாகக் காட்டும் புத்தகங்கள். மோர்ட்டனிடமே இந்தப் பலவீனம் உண்டு என்பது என் கருத்து. புதிர் அவருக்கு மனிதர்களைவிடப் பிடித்துவிடுகிறது. மோரியார்ட்டியின் ‘தி ஹஸ்பண்ட்ஸ் சீக்ரெட்’ அப்படி இல்லை. கணவன் எழுதிய மாடியறைக் கடிதத்தை மனைவி சிசிலியா நாவலின் நடுவிலேயே படித்துவிடுகிறாள். கணவன் இளவயதில் ஒரு பெண்ணைக் கொன்றவன். மிச்ச நாவல் முழுவதும், தெரிந்த பிறகு எப்படி உயிர் வாழ்வது, கொல்லப்பட்டவளின் தாயைத் தினமும் எப்படி எதிர்கொள்வது என்பதுதான். லயத்தில் ‘தெரிந்தும் பேசாமல்’ வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி அந்நியமா? மோசமான நாவலைக் காட்டி ஒரு வகையையே தள்ளுவதென்றால் வரலாற்று நாவலைத்தான் முதலில் தள்ள வேண்டியிருக்கும். பாடநூல் பத்திகளை உரையாடலாக்கி நிரப்பிய எத்தனை நூல்களை நாம் மாலை போட்டு வெளியிட்டிருக்கிறோம்!

தமிழ் நாவலே இந்த மண்ணில் காதலைச் சொல்லித்தான் பிறந்தது. மலேசியாவின் முதல் தமிழ் நாவலாக நம் இலக்கிய வரலாறுகள் குறிப்பிடுவது வெங்கடரத்தினம் 1917ல் எழுதிய ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’. ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நேதாஜி படையையும் ஜப்பான் கால மலாயாவையும் பினாங்கையும் காட்டுகிறது. அதன் முதுகெலும்போ செல்லையாவுக்கும் மரகதத்துக்கும் கைகூடாத காதல். தகப்பன் சொல்லுக்கு முன் போர்வீரன் தோற்கிறான். போரைவிட வலிய அதிகாரம் வீட்டுக்குள் இருந்ததைச் சிங்காரம் கண்டு சொன்னார். அவரைக் கொண்டாடுகிற நாமே இன்று எழுதுகிறவர்களிடம் வீட்டை விட்டு வெளியே வா என்கிறோம்.

குடும்பக் கதை வெறும் பொழுதுபோக்கு என்பது உண்மையானால் அது யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது. ம. நவீனின் ‘பேய்ச்சி’ 2019ல் வந்தது. கெடாவின் லுனாஸில் விஷச் சாராயம் பலரைக் கொன்ற காலத்தையும், தாய்மை என்பதன் கொடூரமான, அன்பான முகங்களையும் ஒன்றாகப் பிணைத்த நாவல். 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு 1984ஆம் ஆண்டின் அச்சகச் சட்டத்தின் கீழ் அதைத் தடை செய்தது. அதற்கு முன்பே எதிர்ப்பைக் கிளப்பியவர்களில் தமிழர்களே முன்னின்றார்கள். வீட்டுப் பேச்சும் உடலும் புத்தகத்தில் ஏறிவிட்டன என்பதே புகார். கங்காணி கொடுமையை எழுதிய எந்த நாவலுக்கும் இவ்வளவு கோபம் எழுந்ததாக எனக்கு நினைவில்லை. கங்காணியைக் கண்டிப்பது நமக்கு இன்று எளிது, அவர் செத்துவிட்டார். வீட்டுக்குள் நடந்ததை எழுதுவதுதான் இன்னும் உயிரோடிருக்கும் அதிகாரத்தைத் தொடுகிறது.

கடைசியாக எடுத்துவைக்கப்படும் வாதம் மானம். உயிரோடிருப்பவர்கள் புண்படுவார்கள், செத்தவர்களின் பெயர் கெடும் என்கிறார்கள். நாவலில் பெயரை மாற்றலாம், தோட்டத்தை மாற்றலாம், இரண்டு பேரை ஒருவராக்கலாம். நீதிமன்றமும் செய்தித்தாளும் செய்ய முடியாத இந்தப் பாதுகாப்பைக் கதை தருகிறது. அதற்கு மேலும் கேட்கிறேன்: இத்தனை நாள் மௌனம் யாரைக் காத்தது? நிரைக்குப் பதிலாக உடம்பைக் கேட்ட மண்டோரைக் காத்தது. இரண்டு குடும்பம் வைத்து இரண்டையும் பதியாமல் போன தகப்பனைக் காத்தது. பெண்கள் யாரையும் அது காக்கவில்லை. வாய் திறந்தால் குடும்ப மானம் போய்விடும் என்று அன்று பாட்டிமாரிடம் சொன்னார்கள். அதே வார்த்தையை இன்று இலக்கியத் தரம் என்ற பெயரில் எழுத வருகிற பேத்திகளிடம் சொல்கிறோம்.

அடுத்த நாவல் போட்டிக்கு நடுவர்களாக அமர இருப்பவர்களிடம் என் கோரிக்கை இது. குடும்பக் கதை என்று கண்டவுடன் கைப்பிரதியை ஓரமாக வைக்காதீர்கள். பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடம் ஏன் காலியாக இருக்கிறது, பெர்மிட் இல்லாமல் போனவர் ஏன் கடிதம் போடுவதை நிறுத்தினார், சயாமிலிருந்து திரும்பியவர் எந்த வீட்டு வாசலில் நின்றார் என்று அது கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால், கேட்கத் தெரிந்த மொழியிலும் கேட்டால், வரலாற்று நாவலுக்கு ஒதுக்கி வைத்திருக்கும் பரிசை அதற்குக் கொடுங்கள்.